புரிஞ்சுது சார்

வெளிநாட்டு விமானப்படைக்குப் போர்விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போன ஆலோசகருக்கு, அங்கே விமானிகள் தலையாட்டுவதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எவனும் சந்தேகம் கேட்க மாட்டான். கேட்டால் மானம் போய்விடுமாம். இன்று காலை அப்படித் தலையாட்டிய ஒருவன், சக்கரத்தை இறக்காமலே தரையிறங்கப் பார்த்தான். பின்சீட்டிலிருந்த இவர்தான் கடைசி நொடியில் விமானத்தை மேலே தூக்கினார்.

"புரியலன்னா புரியலன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்யா!" என்று வகுப்பில் கத்தித் தீர்த்தார்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் மகள் போன் செய்தாள். புது வேலை, புது வீடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். லைன் விட்டுவிட்டுக் கேட்டதில் பாதி காதில் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னால், போன வாரம் போலவே "அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிடுவாள்.

"புரிஞ்சுதாப்பா?"

"புரிஞ்சுதும்மா" என்று, ஆளில்லாத அறையில் தலையை ஆட்டினார்.