பின் போடாமல் விட்ட நட்டு

1. வேலையை விட்ட நாள்

வேலைக்குச் சேர்ந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டினேன், டீ வாங்கி வந்தேன், திட்டு வாங்கினேன். விட்ட நாளைத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று இரண்டாம் வருடம். செங்கல்பட்டில் பைபாஸ் ஓரம் ஒரு தகர ஷெட்டில் ஸ்டியரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்புகிறது அல்லவா, இரண்டையும் இணைப்பது டை ராட் என்ற கம்பி. அதன் முனையில் இருக்கும் மூட்டுக்கு டை ராட் எண்ட் என்று பெயர். அது தேய்ந்தால் வண்டி ஆடும். கழன்றால் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். கழலாமல் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. அந்த நட்டு தானாகத் திரும்பிவிடாமல் இருக்க, குறுக்கே ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகி இரண்டு காலையும் வளைத்துவிட வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது அந்தப் பின். உயிர் அதில்தான் இருக்கிறது.

அன்று புதுப் பின் தீர்ந்துவிட்டது. முதலாளி பழைய பின்னைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி என்னிடம் நீட்டினார்.

“இத்தயே போடு.”

“இது ரெண்டு தபா வளைஞ்சது மொதலாளி. ஒடிஞ்சிடும்.”

“ஒடிஞ்சா ஒடியட்டும். ஒரு பின்னு ஒடிஞ்சா வண்டி கவுந்துடுமா? பார்ட்டி ஒரு மணி நேரமா குந்திகினு கீறாரு. சட்டுனு முடிடா ஏழுமல.”

“நான் போட மாட்டேன்.”

“அப்ப வூட்டுக்குப் போ.”

போய்விட்டேன். கையில் இருந்த பின்னை அவர் மேஜைமேல் வீசிவிட்டுத்தான் போனேன். அப்போது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வருகிறது, வயது மட்டும்தான் ஏறியிருக்கிறது.

அதன்பிறகு சொந்த ஊரான சதுரங்கப்பட்டினத்துக்கே வந்து, மொபெட்டில் டூல்ஸ் சாக்கைக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் கார் வேலை பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் டவுன்ஷிப் இருந்தது. அணு ஆராய்ச்சியில் வேலை செய்கிறவர்கள், தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள். நல்ல ரோடு, ஆனால் கடல் காற்று. டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்துவிட்டால், உப்பு உள்ளே போய் ஒரே மழைக்காலத்தில் மூட்டைத் தின்றுவிடும். எனக்கு வேலை குறையவே இல்லை. போகிற வீட்டிலெல்லாம் அந்தப் பின் கதையைச் சொல்வேன். ஒரு பின்னுக்காக வேலையை விட்டவன் என்று பெருமை.

2. ஆயுத பூஜை

இரண்டாயிரத்து மூன்று. டவுன்ஷிப்பில் முருகேசன் சார் என்று ஒருவர், திருநெல்வேலிக்காரர். வெள்ளை நிற எண்ணூறு சிசி கார் வைத்திருந்தார். அவர் மனைவி விமலா, மகாபலிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பூஜைக்கு நான்கு நாள் முன்பு டீச்சர்தான் எனக்குப் போன் செய்தார்.

“ஏழுமலை, அறுபதுக்கு மேல போனா ஸ்டியரிங் கையில நடுங்குது. பள்ளத்துல எறங்குனா டொக்கு டொக்குன்னு சத்தம். ரைட் சைடுலதான்னு நெனைக்கேன்.”

போய்ப் பார்த்தேன். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டியதில் இரண்டு டை ராட் எண்டிலும் ஆட்டம். வலது பக்கம் ரொம்ப மோசம். டீச்சர் சொன்னது அப்படியே சரி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பூஜைக்குள் முடித்துவிட வேண்டும் என்று சார் கேட்டார். பார்ட்ஸ் வந்து சேர்ந்ததே முந்தின நாள் சாயங்காலம்தான். பூஜை அன்று நான் வேலை செய்வதில்லை. ஆனாலும் காலை ஏழு மணிக்கே போய் அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். இடது பக்கம் சுலபமாக முடிந்தது, நட்டை முடுக்கி, பின் போட்டு, அதன் காலை வளைத்தாயிற்று. வலது பக்கம் துரு பிடித்துப் பிடிவாதம் செய்தது. இரண்டு சுத்தியலால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அடித்தபிறகுதான் மூட்டு கழன்றது. எத்தனை சுற்று என்று எண்ணிக் கழற்றி, அதே எண்ணிக்கையில் புதியதை ஏற்றினேன். மூட்டை அதன் இடத்தில் உட்காரவைத்து, நட்டைக் கையால் திருகி வைத்தேன். கை முழுக்க கிரீஸ். ஸ்பேனர் போடுவதற்கு முன் கழுவிக்கொள்ளலாம் என்று பின்பக்கக் குழாய்க்குப் போனேன். டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

திரும்பி வந்தால் சாக்கு காலியாகக் கிடந்தது.

என் டூல்ஸ் எல்லாம் ஹாலில் வாழை இலைமேல் வரிசையாக இருந்தன. பிள்ளையின் பாடப் புத்தகம், கம்ப்யூட்டர் கீபோர்டு, டீச்சரின் சிவப்புப் பேனா, அதற்குப் பக்கத்தில் அந்த நட்டுக்கு வேண்டிய என் பதினேழாம் நம்பர் ஸ்பேனர், மூன்று பொட்டு சந்தனத்தோடு. சாரின் அப்பா, எழுபது வயதுப் பெரியவர், என் டூல்ஸுக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்று துடைத்து அடுக்கியிருந்தார். கற்பூரம் காட்டி முடித்திருந்தது.

“ஐயா, பதினேழ மட்டும் எடுத்துக்கறேன். ரெண்டே நிமிஷம், வச்சிட்றேன்.”

“அது எப்படிய்யா எடுக்க முடியும்? சாமிகிட்ட வச்சாச்சுல்லா. நாளைக்குக் காலைல எடுத்துக்கிடலாம்.”

“நட்டு டைட் பண்ணலங்க.”

“ஒரு நாள்ல நட்டு எங்க போயிரப் போவுது?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் என் வீட்டிலும் அதே வழக்கம்தானே. வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை என் அப்பா தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. யாரிடமாவது ஸ்பேனர் இரவல் வாங்கலாம் என்றால், அன்றைக்கு ஊரில் இருக்கும் ஸ்பேனரெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால்தான் இருக்கும். பெரியவர் என் நெற்றியில் சந்தனம் வைத்து, இலை போட்டு, பொங்கலும் சுண்டலும் பரிமாறினார். மெக்கானிக்கை ஹாலில் உட்காரவைத்துச் சோறு போடும் வீடு எத்தனை இருக்கிறது? வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிட்டு எழுந்ததும் அவர் சொன்னார், “வண்டி இப்படி ஒரு கால் இல்லாம நிக்கது நல்லால்ல தம்பி. இதுக்கு எப்படிப் பொட்டு வச்சு, திருஷ்டி கழிக்கது? சக்கரத்தை மாட்டிருங்க.”

ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் மட்டும் வாசலிலேயே கிடந்தன. மாட்டினேன். உள்ளே நட்டு கை முடுக்கில் நிற்கிறது, பின் இல்லை, வெளியே பார்த்தால் வண்டி முழு வண்டி. பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டுமே என்றார்கள். எஞ்சினைப் போட வேண்டாம், தள்ளிக்கொள்ளலாம் என்றேன். நானே ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளினேன்.

கிளம்பும்போது முருகேசன் சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“சார், நாளைக்குக் காலைல வந்து டைட் பண்ணி பின்னு போட்றேன். அதுவரைக்கும் வண்டி ஓடவே கூடாது.”

“நான் எங்க எடுக்கப் போறேன் ஏழுமலை? எனக்கு ஆபீஸ் பஸ்தான.”

சரி என்று வந்துவிட்டேன்.

3. சவுக்குத் தோப்பு

மூன்றரை மணி இருக்கும். ஷேர் ஆட்டோ ஓட்டும் தனசேகர் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

“அண்ணாத்த, நீ வேல பார்க்கற அந்த வெள்ள வண்டி கீதே, கடலோர ரோட்டுல சவுக்குத் தோப்புக்குள்ள பூந்து கீது.”

“யாரு ஓட்டுனது?”

“டீச்சரம்மா. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்க. பேச்சு கீது, பயப்படாத.”

முதலில் தோப்புக்குத்தான் போனேன். ஆளைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்க்கப் போனவன் நான், அதையும் எழுதிவிடுகிறேன். மணலில் படுத்து அடியில் பார்த்தேன். நட்டு இல்லை. என் கையால் மாட்டிய புது மூட்டு, பளபளவென்று, கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் ஒரு பக்கம், வலது சக்கரம் வேறு பக்கம். முன்புறம் ஒரு சவுக்கு மரத்தில் நசுங்கியிருந்தது. ஒரு பஸ் தாண்டிப் போன அடுத்த நொடி வண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்தது என்று அங்கே நின்றிருந்த ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் சொன்னார். அவர்தான் கதவை நெம்பி டீச்சரை வெளியே எடுத்தவர். ஒரு நொடி முந்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க எனக்குக் கொதித்தது. பெரியவர்மேல் கோபம். படித்துப் படித்துச் சொல்லியும் வண்டியை வெளியே விட்ட சார்மேல் கோபம். அணுவைப் பிளக்கிறார்கள், ஒரு சாவியை எடுத்து ஒளித்துவைக்கத் தெரியவில்லை என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு போனேன்.

டீச்சருக்கு இடது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. புருவத்தின்மேல் தையல். பெரியவர் மூலையில் உட்கார்ந்து, “சாமி காப்பாத்திட்டு, சாமி காப்பாத்திட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சார் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“என்னய்யா வேல பாத்திருக்க?”

நான் இதற்காகவே காத்திருந்தேன்.

“நான் சொல்லிட்டுத்தான் சார் போனேன். வண்டி ஓடக் கூடாதுன்னு ஒங்க கையப் புடிச்சி சொன்னேன். சொன்னேனா இல்லியா? நீங்களே சொல்லுங்க.”

சார் தலை குனிந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கட்டிலில் இருந்து டீச்சர் கேட்டார். சத்தம் போடவில்லை.

“யார்ட்ட சொன்னீங்க?”

“சார்கிட்டங்க.”

“அந்த வண்டிய ஓட்டுறது யாரு?”

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன்.

“இவங்க ஆபீஸ் பஸ்ல போறாங்க. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது. நாலு வருஷமா நான்தான் ஓட்டுதேன், நீங்களும் பாக்கீங்க. ஸ்டியரிங் நடுங்குதுன்னு ஒங்களுக்குப் போன் பண்ணது நான். ரைட் சைடுன்னு சொன்னது நான். நீங்க பொங்கல் சாப்பிடும்போது பத்தடி தள்ளி அடுப்படிலதான் நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு வாய் வரல. எங்க அம்மா பஸ்ஸ்டாண்டுல வந்து நின்னாங்க, இவங்க தூங்கிட்டு இருந்தாங்க, ஆணியில சாவி தொங்குச்சு, எடுத்துட்டுப் போனேன். வெளியே பாத்தா நாலு சக்கரமும் மாட்டியிருக்கு. நான் என்னன்னு நெனைக்க?”

சாரும் பெரியவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். வழியெல்லாம் ஊதி வளர்த்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் என்மேலேயே திரும்பி விழுந்தது. ஒரு பின்னுக்காக வேலையை விட்டேன் என்று பதினோரு வருடம் மார்தட்டியவன், ஒரு இலைப் பொங்கலுக்கு அதே பின்னை விட்டுக்கொடுத்திருக்கிறேன். செங்கல்பட்டு முதலாளியாவது பழைய பின்னைப் போடச் சொன்னார். நான் பின் போடவே இல்லை.

மறுநாள் விஜயதசமி. அந்த வீட்டுக்குப் போய் என் டூல்ஸை எடுத்துக்கொண்டேன். பெரியவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பதினேழாம் நம்பரில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து பின் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இரண்டு விஷயம் இருக்கிறது. பின்னின் இரண்டு காலையும் வளைக்கும் வரை சக்கரத்தை மாட்டாதீர்கள். யார் கேட்டாலும், எந்த நாளாக இருந்தாலும், வண்டி ஒரு காலில்லாமல் நிற்கட்டும். அப்படி நிற்கிற வண்டியை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. இரண்டாவது, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். ஓட்டுவது யார் என்று கேட்டு, அவரைக் கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து வண்டி டிங்கரிங் முடிந்து வந்தது. ஸ்டியரிங் வேலையை என்னிடமே கொடுக்கச் சொன்னது டீச்சர்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்க முகம் இல்லை. இரண்டு பக்கமும் புதியது போட்டு, சக்கரத்தை மாட்டாமல் அவரைக் கூப்பிட்டேன். கட்டு பிரித்த கை இன்னும் மெலிந்திருந்தது. வாசலில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். பின்னின் இரண்டு காலையும் விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இடது பக்கமும் போய் அதே மாதிரி பார்த்தார்.

“இப்ப சக்கரத்தை மாட்டுங்க” என்றார்.

மாட்டினேன். சார் கை நீட்டினார். நான் சாவியை டீச்சரிடம் கொடுத்தேன்.