மூன்று அட்டைகளும் கண்ணில்லாத மயிலும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு கேள்வி போடுவார், டீமில் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். போன வாரக் கேள்வி: சின்ன வயதில் உனக்கு ரொம்பப் பிடித்த பொம்மை எது? ஒருவர் ரிமோட் கார் என்றார். ஒருத்தி, படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பொம்மை என்றாள். என் முறை வந்ததும் யோசிக்காமல் "தறி அட்டை" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. எழுந்து நின்றே விளக்கினேன். பட்டுத் தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் நூலில் கோக்கப்பட்டு அதிலிருந்து சங்கிலி மாதிரித் தொங்கும். துளை இருக்கிற இடத்தைப் பொறுத்துச் சேலைக் கரையில் மயில் வரும், மாங்காய் வரும். டிசைன் மாறியதும் கழித்துப் போடும் பழைய அட்டைகள்தான் என் பொம்மைகள். கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் பேசியிருப்பேன்.

"சூப்பர்ப்பா. ஆனா கேட்டா சிங்கிள் பிளேயர் கேம் மாதிரி இருக்குதே" என்றார் எதிரில் இருந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்தவர் பம்பரத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் என் நோட்டில் கட்டம் போட ஆரம்பித்திருந்தேன். அந்த அட்டைகளை இரண்டு பேர் ஆடும் விளையாட்டாக மாற்றினால் என்ன? ஆளுக்குப் பத்து அட்டை, முறை வைத்து அடுக்க வேண்டும், யாருக்கு முதலில் மயில் வருகிறதோ அவரே ஜெயித்தவர். விதி ஒன்று, விதி இரண்டு என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவது விதியில் பேனா நின்றுவிட்டது. இரண்டு பேர் ஏற்கெனவே ஆடியிருக்கிறோம். பதினோரு நாள்.

ஊரில், பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீடு ஒற்றை அறை, ஒரு தறி, ஒரே குழந்தை. அம்மாவும் அப்பாவும் மாறி மாறித் தறியில் உட்காருவார்கள். கரையில் வேலைப்பாடு ஓடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருப்பார்கள், அப்போது ஓடக் கூடாது. சாயங்காலம் தெரு காலியானதும் மற்ற பிள்ளைகள் அண்ணன், தங்கச்சி, மாமா பிள்ளை என்று கூட்டமாக வந்து இறங்குவார்கள். எனக்கு ஆள் கிடையாது. என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று யாரும் சொன்னதில்லை, கூப்பிடவும் இல்லை.

அதனால் பள்ளிக்கூடம் வைத்தேன். சுவரோரம் அட்டைகளை வரிசையாகச் சாய்த்து வைப்பேன். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை. நிறையத் துளை இருப்பது வாயாடி, துளை குறைந்தது அழுமூஞ்சி. வருகை எடுப்பேன், திட்டுவேன், பரீட்சை வைப்பேன். ஒன்றைத் தூக்கி தறியை நோக்கிப் பிடித்து, துளை வழியாக ஒரு கண்ணால் பார்த்தால் அம்மாவின் முதுகு தெரியும். அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் நான்காவது படிக்கும்போது பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அவர்கள் வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி. இரண்டாம் நாளே வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கிற?"

"ஸ்கூல். உள்ள வா. நீ லீடர்."

பதினோரு நாள் லீடராக இருந்தாள். பன்னிரண்டாம் நாள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீயே டீச்சரு, நீயே ஹெட்மாஸ்டரு. நான் எதுக்குடி? பெல் அடிக்கவா?"

"நாளைக்கு நீ டீச்சரு."

"நேத்தும் அதான் சொன்ன. போடி."

உண்மைதான், நேற்றும் அதைத்தான் சொன்னேன். என் பிள்ளைகளை அவளிடம் விட எனக்கு மனம் வரவில்லை. அவள் படி இறங்கிப் போனதும் தறிச் சத்தம் மட்டும் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பிள்ளைகளைக் கொடுக்க முடியாது, ஆனால் அவளுக்கென்று புதுப் பிள்ளைகளைக் கொடுக்கலாம். மறுநாள் மத்தியானம் அப்பா பட்டு வாங்கப் போயிருந்தார், அம்மா குழாயடியில். ஸ்டூலைப் போட்டு ஏறி, தறியில் ஓடிக்கொண்டிருந்த சங்கிலியிலிருந்து மூன்று அட்டைகளைக் கத்தரித்து எடுத்தேன். அத்தனை அட்டையில் மூன்று போனால் யாருக்குத் தெரியும்? அறுந்த இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். வேறு வீட்டுக் குழந்தையாக இருந்தால் குண்டு முடிச்சாகப் போட்டிருக்கும், சங்கிலி சிக்கி நின்று உடனே மாட்டிக்கொண்டிருக்கும். நான் தறிக்காரர் வீட்டுப் பெண். அறுந்த இழையை அம்மா முடிந்து சேர்ப்பதைப் பார்த்துப் பார்த்து விரலுக்கு வந்துவிட்ட முடிச்சு. தடவினால்கூடத் தெரியாது.

அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது உன் கிளாஸ். நீதான் டீச்சரு."

"நெசமாவா? எனக்கேவா?" என்று மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

தறி மறுநாள் முழுக்க ஓடியது. கரையில் கட்டைவிரல் அளவு மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாயங்காலம் அம்மாதான் குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது? மயிலுக்குக் கண்ணே காணோம்."

அப்பா அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். என் முடிச்சில் வந்து விரல் நின்றது. திரும்பிப் பார்த்தார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை.

"அட்டை எங்கமா?"

என் கை பக்கத்து வீட்டைக் காட்டியது. பல வருடம் இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: நான் பொய் சொல்லவில்லை, அட்டை அங்கேதான் இருந்தது.

அப்பா போய்த் தன்மையாகத்தான் கேட்டார். அவள் அம்மா தன்மையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த ஊட்டுத் தறியில கை வெப்பியா? தொழில்ல கை வெப்பியா நீ?" என்ற குரலும் அடி விழும் சத்தமும் எங்கள் அறைவரை கேட்டன. நான் வாசலுக்குப் போனேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.

அந்தக் கரையைப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆனது. அட்டைகள் தறிக்குத் திரும்பின, மயில்களுக்குக் கண் வந்தது. அவள் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தைத் தொடர்ந்து நடத்தினேன், ஆனால் வருகை எடுக்கும்போது கூச்சமாக இருந்தது. ஏழாவது வரை ஒரே வகுப்பில் படித்தோம். ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதையெல்லாம் நோட்டை மூடிவிட்டு, அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து நினைத்தேன். சென்னைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டல் அறையில் இருக்கும் மற்றவளின் காதில் எப்போதும் இயர்போன். நான் நிறையப் பேசுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாரோடு பேசினேன் என்று யோசித்தால் ஒரு முகமும் வரவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது எங்கே என்று கேட்டேன். தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் பேசினாள். இப்போது தறிப் பெட்டிக்கு அட்டை வேண்டாம், டிசைனுக்குப் பென்டிரைவ் போதும்.

"அவளா? கல்யாணம் ஆயி இங்க பக்கத்துல திருப்பருத்திக்குன்றத்துல இருக்கிறாளே. கொழந்த இருக்குது. தறி நெய்யறா. எதுக்குக் கண்ணு திடீர்னு?"

"சும்மாதாம்மா."

"சும்மா இல்ல. உன் கொரலே சரியில்ல."

அப்போது சொன்னேன். அட்டையை எடுத்தது யார் என்று, இத்தனை வருடம் கழித்து. அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது.

"அது அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும். அந்த முடிச்சு நம்ம ஊட்டு முடிச்சு. நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தாரு" என்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா? போய் அவகிட்ட சொல்லு."

நோட்டில் எழுதிய விதிகளை அடித்துவிட்டேன். நான் போட்ட விதிகளோடு போனால் மறுபடியும் ஹெட்மாஸ்டராகத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டில் இன்னும் கிடக்கும் என் பழைய அட்டைகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். முதலில் வாசலிலேயே நின்று, அவள் அம்மா அங்கே இருந்தால் அவர் காதிலும் விழும்படி, எடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். அவள் கதவைச் சாத்தலாம். எந்த அட்டை, எந்த மயில் என்று கேட்கலாம், அது இன்னும் மோசம். உள்ளே வரச் சொன்னால், அட்டைகளை அவள் முன்னால் வைத்துவிட்டு, இதை எப்படி ஆடலாம் என்று அவளிடமே கேட்கப் போகிறேன். பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் இப்போதிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறேன்.