அத்தான் துண்டைக் கழட்ட வச்ச கடைசல் பட்டறை

வீட்டுல மரம் கடையுற பட்டறை வச்சிருக்கவுக இதைக் கண்டிப்பா படிங்க. கையால கயிறு இழுத்து அலுத்துப்போயி, பழைய வண்டிச் சக்கரமும் தோல்வாரும் மாட்டி, காலால மிதிச்சா ஓடுற மாதிரி என் பட்டறையை மாத்துனேன். அக்கா புருஷன் சரிகைத் துண்டோட வந்து நின்னாரு.

“ஏ மாப்ளே, பி.ஏ. படிச்சது சக்கரம் மிதிக்கவா? இதுல பம்பரம்கூட தேறாது வே!”

வந்த ஆத்திரத்துல வெறிகொண்டு மிதிச்சேன். என் தோள்துண்டு வாருக்குள்ள மாட்டி, கழுத்தைச் சக்கரத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. அத்தான்தான் உளியை எடுத்து வாரை அறுத்துவிட்டாரு. கழுத்துல காயத்தோட உசிரு பொழைச்சேன். ஆனா மனுசன் போற கல்யாண வீட்டுலெல்லாம், “படிச்ச மாப்ள துண்டுல தொங்கப் பாத்தான்”னு சொல்லிச் சிரிக்காரு. விடுவேனா?

இப்போ வாருக்குப் பலகையால மூடி போட்டாச்சு. துண்டோட எவனும் உள்ள வரக்கூடாது. போன வாரம் தொட்டில் கால் கடையணும்னு அக்காவையும் கூட்டிக்கிட்டு அத்தானே வந்தாரு.

“அத்தான், துண்டைக் கழட்டும்.”

“ஏலே, சரிகைலே இது!”

“உசிரு பெருசா, சரிகை பெருசா?”

எண்ணெய்த் துணி தொங்குற ஆணியிலதான் மாட்டவச்சேன். வெறுந்தோளோட நின்னவரைப் பாத்து அக்கா சிரிச்சா பாருங்க, என் கழுத்துக் காயம் அன்னைக்குத்தான் ஆறுச்சு.