ஒரு வாய் கண்ணையா

புறங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விழுந்ததும் கண்ணையா கண்களை மூடிக்கொள்வார். நாக்கு நுனியால் அதைத் தொடுவார். அந்த நேரத்தில் அடுப்படியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கரண்டி பறக்கும். அரை நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, "புளி முந்திக்கிட்டு நிக்குது. உப்பு வாசல்லயே நிக்குது. உள்ள கூப்பிடணும்" என்று சொல்லி இரண்டு கல் உப்பைப் போடுவார். அவ்வளவுதான். சட்டியில் கால்வாசியை ருசி பார்த்தே காலி செய்யும் சமையல்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் ஒரு சட்டிக்கு ஒரு சொட்டு. அதையும் துப்ப மாட்டார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "துப்புறதா? சமைச்சவன் மொகத்துலயே துப்புற மாதிரில்ல அது!" என்றார்.

இவர் சமைப்பது யாருக்கு? சிம்பாங் ரெங்கத்திலிருந்து நாலு மைல் உள்ளே இருக்கிற எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஜப்பானிய அதிகாரிக்கு. வெள்ளைக்கார துரை ஓடிப்போன பங்களாவில் அவர் குடியேறினார். எல்லோரும் அவரை மலாயில் துவான், அதாவது துரை, என்றுதான் கூப்பிட வேண்டும். கண்ணையா காரைக்குடிப் பக்கம். குளுவாங்கில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் பதினாறு வருஷம் அடுப்படியை ஆண்டவர். சண்டை வந்து கிட்டங்கி மூடியதும் மனைவி சிகப்பியோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஓர் இலுப்பைச் சட்டியும் ஒரு தொப்பையும். தொப்பை என்றால் சாதாரணத் தொப்பை அல்ல. அவர் நடந்து வந்தால் பங்களாவின் பின்கட்டுப் பலகைகள் நமக்கு முன்கூட்டியே சேதி சொல்லிவிடும்.

அந்தத் தொப்பைதான் வினையாக முடிந்தது. 1943 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, துவான் எங்களையெல்லாம் ஸ்டோர் வாசலில் வரிசையாக நிற்க வைத்தார். வரிசை முழுக்க விலா எலும்பு. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று ஆளுக்கு ஆள் ஒடிந்துபோயிருந்தோம். நான் கணக்கெழுதுகிற கிராணி என்ற பேருக்குச் சட்டை போட்டு எலும்பை மறைத்திருந்தேன். வரிசையின் கடைசியில் கண்ணையா நின்றார். துவான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வயிற்றையே பார்த்தார். பிறகு மலாயில் என்னிடம் கேட்டார்: "இவன் மட்டும் எப்படி? என் அரிசியைத் தின்கிறானா?"

தின்றார்தான். மறைப்பானேன்? துவான் தட்டில் மிச்சம் வைப்பதும் கண்ணையா அதை வீணாக்காமல் இருப்பதும் பங்களா நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் மூட்டையில் கைவைத்தவர் அல்ல. அதை யார் கேட்கப்போகிறார்கள்? ரப்பர் கட்டு நிறுக்கிற தராசில் அவரை ஏற்றி என்னை நிறுக்கச் சொன்னார் துவான். நூற்றுத் தொண்ணூறு ராத்தல். அங்கேயே தீர்ப்பும் ஆயிற்று. ஏப்ரல் இருபத்தொன்பது, ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். அதுவும் சனிக்கிழமை. அதற்குள் இருபது வாரம், வாரத்துக்கு இரண்டு ராத்தல் இறங்கி நூற்றைம்பதுக்கு வர வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அடுத்த லாரியில் சயாம்.

சயாம் என்ற சொல்லுக்குக் கூலிகள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் விளக்கம் தேவையில்லை. ரயில் பாதை போட இங்கிருந்து அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

 கண்ணையா தராசிலிருந்து இறங்கி, "நிறுக்கிறது காலையிலயா சாயங்காலமா, கிராணியாரே?" என்று கேட்டார்.

"காலையில."

"அப்ப சரி. ஆகலாம்."

என்ன ஆகலாம்? யோசித்துப் பாருங்கள். ஊரே பட்டினி. இளைப்பதற்கு எங்களுக்கெல்லாம் எந்த முயற்சியும் வேண்டியிருக்கவில்லை. இவரோ பொழுது விடிந்து பொழுது போனால் வெள்ளை அரிசிச் சோற்றுக்கும் வறுத்த கோழிக்கும் தேங்காய்ப் பாலுக்கும் நடுவில் நிற்கிறவர். தன் கையாலேயே மணக்க மணக்கச் சமைத்துவிட்டுத் தானே இளைக்க வேண்டும். என்னை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் முதல் வாரமே சயாம் போயிருப்பேன். நான் ஒல்லிதான். ஆனால் சீனிப் பானையைப் பார்த்தால் என் கை என் பேச்சைக் கேட்காது.

கண்ணையா ஒரு முறை வகுத்துக்கொண்டார். காலையில் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர். மத்தியானம் கங்குங் கீரையோ மரவள்ளிக் கொழுந்தோ, அவித்து, ஒரு சிட்டிகை மிளகாய்ச் சம்பாலோடு ஒரு கிண்ணம். சாயங்காலம், துவான் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஒரு வாய். அன்றைக்குச் சமைத்ததிலேயே எது சிறந்ததோ அதில் ஒரே ஒரு வாய். உள்ளங்கை அகலத்துக்கு வாழையிலை கிழித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு வாயைக் கால் மணி நேரம் தின்பார். நின்றுகொண்டு தின்பது அவர் அகராதியில் தின்பதே அல்ல. "நின்னுக்கிட்டு அள்ளிப்போட்டா வயித்துக்குத்தான் தெரியும், நாக்குக்குச் சேதியே போகாது" என்பார்.

காலையிலிருந்தே அந்த ஒரு வாய் எது என்ற யோசனைதான். மீன் குழம்பென்றால் தலையில் கன்னத்துச் சதை. சோறென்றால் சட்டியின் அடியில் பிடித்த பொன்னிறக் காந்தல். கோழி வறுவலென்றால் கறியைத் தொட மாட்டார், எண்ணெயில் மொறுமொறுத்துக் கிடக்கும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும். "கறி என்ன கறி! வறுவலோட உசுரே வெங்காயத்துலதான் இருக்கு. இது தெரியாமத்தான் ஒலகம் முழுக்கக் கறிய அள்ளித் தின்னு குண்டாகுது" என்று எனக்கு விளக்கம் வேறு. பசியில் காதடைத்து நிற்கிறவனிடம் இதையெல்லாம் சொல்லலாமா? எத்தனையோ நாள் எழுந்து போய்விட நினைத்தேன். ஆனால் அவர் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பதே பாதிச் சாப்பாடு.

மீதிச் சட்டி கூப்பிடுமே, என்ன செய்வார்? பேசுவார். வேண்டாத விருந்தாளியை வாசலோடு அனுப்புகிற மரியாதையோடு பேசுவார். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. நான் இல்லேன்னு சொல்லலை. நாளைக்கு வாங்க" என்று தேங்காய்ப்பால் கறியிடம் சொல்லி மூடியைப் போடுவார். ரொம்பவும் அடம்பிடித்தால், ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு விறகு பிளக்கப் போய்விடுவார். லயத்தில் அவருக்கு 'ஒரு வாய் கண்ணையா' என்று பேர் விழுந்துவிட்டது. கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் தராசு. எடை இறங்கிக்கொண்டே வந்தது. நூற்று எண்பது, நூற்று எழுபத்தெட்டு. வேட்டியை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டினார். பலகைகள் சேதி சொல்வதை நிறுத்திவிட்டன.

ஒரே ஒருமுறை வழுக்கினார். ஒன்பதாவது வாரம், துவானுக்காகக் கவுனி அரிசியில் இனிப்புக் கிண்டினார். கறுப்பு அரிசி, தேங்காய்ச் சர்க்கரை, மேலே துருவிய தேங்காய். துவான் சாப்பிட வராமல் குளுவாங் போய்விட்டார். மறுநாள் நான் போனபோது சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"அலமாக்! முழுக்கவா?" என்றேன்.

"முழுக்க. உக்காந்து தின்னேன். நல்லா இருந்துச்சு."

"சனிக்கிழமை என்ன பண்றது, ஐயா?"

"இன்னும் மூணு நாள் கெடக்கு லா. அதுக்காக இப்ப அழச் சொல்றீங்களா? அழுதுக்கிட்டே இருந்தா தின்ன ருசியும் போயிரும்."

மூன்று நாளும் ஆற்றிலிருந்து அவரே தண்ணீர் சுமந்தார். பங்களாவுக்கு மட்டுமல்ல, லயத்துக்கும் சுமந்தார். சனிக்கிழமை கணக்குச் சரியாக இறங்கியிருந்தது. மயிரிழைதான். எனக்குத்தான் அன்றைக்குக் காய்ச்சல் கண்டது.

ஏப்ரல் இருபத்தொன்பது வந்தது. விடிகாலையில் யாரும் பார்க்காத நேரத்தில் அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்பதரை. "அரை ராத்தல் கையிருப்பு!" என்று நான் குதிக்காத குறை. அப்போதுதான் துவானின் ஆள் வந்து சொன்னான்: இன்றைக்குக் காலையில் நிறுவை இல்லையாம். குளுவாங்கிலிருந்து மூன்று அதிகாரிகள் விருந்துக்கு வருகிறார்கள், விருந்து முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே நிறுக்க வேண்டுமாம். தான் ஒருவனை எப்படி இளைக்க வைத்தேன் என்று துவானுக்குக் காட்டிக்கொள்ள ஆசை.

"பரவால்ல. மத்தியானம் வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கலைன்னா முடிஞ்சது" என்றார் கண்ணையா.

பன்னிரண்டு வகை சமைத்தார். வாசனை லயம் வரைக்கும் போய், பிள்ளைகள் வேலியோரம் வந்து நின்றன. மேசையில் எல்லாம் பரப்பியாயிற்று. வந்தவர்களில் ஓர் அதிகாரி கரண்டியை எடுக்காமல் ஏதோ சொன்னார். துவான் அதை மலாயில் என்னிடம் சொன்னார். எங்கேயோ ஒரு முகாமில் சாப்பாட்டில் விஷம் வைத்துவிட்டார்களாம். சமைத்தவன் முதலில் எல்லாவற்றிலும் சாப்பிட வேண்டும். நன்றாகச் சாப்பிட வேண்டும்.

அதை நான் தமிழில் சொன்னேன். சாப்பிடாவிட்டால் விஷம் வைத்தவன். சாப்பிட்டால் தராசு.

 கண்ணையா இரண்டு இலை கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சாமிக்கு ஒரு வாய் வெச்சுட்டுத்தான் நான் ஒரு வாய் தின்பேன்னு சொல்லுங்க, கிராணியாரே" என்றார். சொன்னேன். அதிகாரிகள் தலையசைத்தார்கள். ஒருவர் இலைக்கு லேசாகக் குனிந்து மரியாதைகூடச் செய்தார்.

ஒரு கரண்டி சாமி இலையில், அதே அளவு ஒரு கரண்டி தன் இலையில். ஒவ்வொரு வகையாக. ஒரு வாயோடு நிறுத்தப் பார்த்தபோது, "லாகி! லாகி!" என்று இன்னும் போடச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். மறுபடியும் சாமிக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு கரண்டி. விக்கியது. தண்ணீரைத் தொடவில்லை. ஆனால் கவுனி அரிசிக்கு வந்தபோது அந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துத் தின்றார்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சயாம் லாரி வாசலில் நிற்கிறது, இவருக்கு ருசி கேட்கிறது. இந்த நேரத்தில் சாமியாவது பூதமாவது என்று மனசுக்குள் அவரை வைதேன்.

அவர்கள் சாப்பிட்டு முடித்துச் சிவந்த முகங்களோடு ஸ்டோருக்கு வந்தார்கள். வேலிக்கு வெளியே சிகப்பி நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு மூட்டை. கம்பளி, இரண்டு வேட்டி, ஒரு மங்குத் தட்டு. விஷயம் அடுப்படியிலிருந்து லயத்துக்கு எட்டியதும் புருஷனைச் சயாமுக்கு அனுப்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அழவில்லை.

கண்ணையா தராசில் ஏறினார். தராசுக் குண்டை நகர்த்தினேன். என் விரல் ஒரு நெல் அளவு அசைந்தால் போதும், ஆனால் துவானின் மூக்குக்கண்ணாடி என் காதோரம் இருந்தது. பயந்தவன்தான் நான். உள்ளதைப் படித்தேன். நூற்று ஐம்பத்தொன்றரை.

 துவான் லாரிப் பக்கம் திரும்பினார்.

கண்ணையா இறங்கினார். வரும்போது ஸ்டோர் வாசலில் இறக்கி வைத்திருந்த சாமி இலையை இரண்டு கையாலும் ஏந்தி வந்து தராசில் வைத்தார். "இதையும் நிறுங்க. ரெண்டு இலைக்கும் ஒரே கரண்டி, ஒரே அளவு. அவங்க கண்ணால பாத்தாங்க. அவங்க தின்னச் சொன்னது இவ்வளவு. அதைக் கழிச்சுட்டு மிச்சம் இருக்கிறவன்தான் நான்னு சொல்லுங்க."

 நிறுத்தேன். இரண்டு ராத்தல் சொச்சம்.

"சொச்சம் இலையோட எடை. அதைக் கழிச்சிருங்க, நமக்கு வேணாம்" என்றார்.

மலாயில் சொன்னேன். துவான் பென்சிலை எடுத்துச் சுவரிலேயே கழித்துப் பார்த்தார். நூற்று நாற்பத்தொன்பதரை. குளுவாங் அதிகாரிகளில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மற்றவர்கள். துவான் சிரிக்கவில்லை. கண்ணையாவை மேலும் கீழும் பார்த்து, "சயாம் திடா" என்றார். சயாம் இல்லை. சாமி சொத்து என்பதால் அந்த இலையை யாரும் தொடவுமில்லை.

கண்ணையா இலையை மடித்து எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனார். அவருக்குப் பின்னாலேயே நானும் ஓடினேன்.

"மூட்டையை எறக்கு" என்றார்.

சிகப்பி இறக்கினாள். அவரே முடிச்சை அவிழ்த்து, கம்பளியைத் தள்ளி, மங்குத் தட்டை எடுத்தார். இலையில் இருந்ததையெல்லாம் அதில் வகை பிரித்து வைத்தார்.

"உக்காரு. நின்னுக்கிட்டுத் திங்காதே. மொதல்ல அந்த மீனு."

"நீங்க?"

"எனக்கு ஆச்சு. நாலு துவான் சுத்தி நின்னு ஊட்டாத குறை."

அவள் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. துடைக்காமலே மென்றாள். கண்ணையா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாடை அசைந்தபோதெல்லாம் அவர் தாடையும் வெறும் வாயோடு கூடவே அசைந்தது.