கழுவி வந்த முத்திரை

கொல்லன் ராட்போடு தன் வயதை மடாதிபதிகளை வைத்துத்தான் சொல்வான். தீட்மார் காலத்தில் பிறந்தான். எர்கன்பெர்ட் காலத்தில் கல்யாணம் செய்தான். மைன்ஹார்ட் காலத்தில் மனைவியைப் புதைத்தான். மிச்சமிருப்பது ஒரே மகள் கிஸ்லா. லாடம் அடிப்பதில் அப்பனை மிஞ்சிவிட்டாள்.

பட்டறை மடத்துக்குச் சொந்தம். "உனக்குப் பிறகு உன் மகள் நடத்தட்டும்" என்று மைன்ஹார்ட் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மடத்தின் துணைத் தலைவர் கோஸ்வினுடைய அண்ணன் மகன் ருட்ஹார்டும் கொல்லன்தான். பட்டறை கிடைக்காமல் சந்தை சந்தையாக அலைந்தான். அதுதான் ராட்போடைத் தூங்கவிடவில்லை.

மைன்ஹார்ட் செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தார். மடாதிபதி இறந்தால் அவருடைய வெண்கல முத்திரையை அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுவந்து, துறவிகள் எல்லோரும் பார்க்க நொறுக்கிவிட வேண்டும். செத்தவர் பெயரில் யாரும் சாசனம் எழுதிவிடக் கூடாது அல்லவா? துக்க மணி கேட்டதும் ராட்போடு நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தான். பொழுது சாய்ந்தும் யாரும் வரவில்லை.

மறுநாள் நண்பகலில்தான் கோஸ்வின் பதினொரு துறவிகளோடு சேற்றில் நடந்து வந்தார்.

"நேத்தே வரணும் சாமி" என்றான் ராட்போடு.

"பனி கொட்டுச்சு. உன் கண்ணுக்குத் தெரியலையா?"

முத்திரையைக் கையில் வாங்கித் திருப்பினான். பளபளவென்று இருந்தது. எர்கன்பெர்டின் முத்திரையை உடைத்ததும் இவன்தான். அதில் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பழைய மெழுகு அப்பிக் கிடந்தது. இதில் ஒரு துணுக்குக்கூட இல்லை, புது மெழுகின் தடத்தை யாரோ கழுவிவிட்டதுபோல.

"உடைக்கப்போற பொருளை எதுக்கு சாமி கழுவணும்?"

ஒரு துறவி இருமினார்.

"உன் வேலை அடிக்கிறது. கேள்வி கேக்கிறதில்ல" என்றார் கோஸ்வின்.

"அடிக்கிறேன் சாமி. ஆனா நேத்து இன்னைக்குன்னு இதுல முத்திரை விழுந்த சாசனம் எது வந்தாலும் செல்லாதுன்னு நீங்க எல்லாரும் சத்தமா சொல்லுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

"யாரைச் சந்தேகப்படுறே?"

"யாரையும் இல்ல சாமி. எல்லாரையும்தான்."

பின்னால் நின்ற இளந்துறவி ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயதான அடால்கர் துறவி அதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, "செல்லாது" என்று உரக்கச் சொன்னார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு கோஸ்வினும் சொன்னார். ராட்போடின் சம்மட்டி மூன்று முறை விழுந்தது.

பத்தாம் நாள் கோஸ்வினையே மடாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வாரம் தன் குதிரைக்கு லாடம் கட்ட அவரே வந்தார். பட்டறையில் மூன்று குடியானவர்கள் மாடுகளோடு நின்றிருந்தார்கள். கிஸ்லா குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன எழுதிட்டேன்னு நெனச்சே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பட்டறையை ருட்ஹார்டுக்கு."

கோஸ்வின் புன்னகைத்தார். "அதுக்குச் செத்தவர் முத்திரை எதுக்குடா? தட்டான்கிட்ட என் முத்திரை தயாராகுது. வந்ததும் நான் நெனச்சதை எழுதலாம்."

புது முத்திரையைப் பற்றி ராட்போடு நினைக்கவே இல்லை. இத்தனை நாளாகக் காவலே இல்லாத வாசலை விட்டுவிட்டு வேறொன்றைக் காத்திருக்கிறான்! முத்திரை எப்போது வரும்? நாளைக்கா, நாளன்றைக்கா?

"அதுவரைக்கும் கை இருக்கே சாமி" என்றான். "கிஸ்லா, இங்க வா."

அவள் குதிரையின் காலை இறக்கிவிட்டு வந்தாள். அவளுடைய கரி படிந்த இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டவைத்தான். குடியாக ஏற்பதென்றால், நீட்டிய கைகளைத் தலைவர் தன் கைகளுக்குள் பொதிந்து சொல்லைச் சொல்ல வேண்டும். சாட்சிகள் இருந்தால் போதும், எழுத்து தேவையில்லை.

கோஸ்வின் கைகளை அங்கியின் சட்டைக்கைக்குள் இழுத்துக்கொண்டார். "பொம்பளை கையையா?"

"மாவு ஆலைக்காரி கையை மைன்ஹார்ட் சாமி புடிக்கலையா?" என்று ஒரு குடியானவன் மாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

"புடிச்சாரே, நான் பாத்தேன்" என்றான் இன்னொருவன்.

இப்போது மறுத்தால் மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். கோஸ்வினின் கைகள் மெல்ல வெளியே வந்து கிஸ்லாவின் கைகளை மூடின.

"அப்பனுக்குப் பிறகு பட்டறை இவளுக்கு" என்று சொல்லிவிட்டுக் கைகளை விலக்கப் பார்த்தார்.

அந்தக் கைகளின் மேல் ராட்போடு தன் கனத்த கையை வைத்து அழுத்தினான்.

"கொஞ்சம் பொறுங்க சாமி. இவங்க மூணு பேரும் அவங்கவங்க பேரைச் சொல்லட்டும்."