அடி வாங்காத கழுதைக்குட்டி

மாடிப்படியில் உட்கார்ந்து கதை கேட்கும் பொடிசுகளில் ஒன்று நடுவில் எழுந்து போய்விட்டால், அணில் அக்கா தான் எழுதி வாசித்துக்கொண்டிருக்கும் அந்தப் பக்கத்தை அங்கேயே கிழித்துப் போடுவார். "போச்சு, இதுல உசிரில்ல" என்பார். போன பிள்ளையைத் திட்டுவதில்லை. "உக்காந்து கேக்கணும்னு அதுக்கென்ன தலையெழுத்தா?"

ஒல்லி உடம்பு, கொண்டையில் செருகிய பென்சில், சிரித்தால் முந்திக்கொண்டு வரும் இரண்டு பற்கள். பட்டப்பெயர் அந்தப் பற்களால் வந்தது, வைத்தது பிள்ளைகள். தன் புத்தகங்களின் அட்டையிலும் அதையே போடச் சொல்லிவிட்டார். மோட்டார் வண்டி வந்தால் தெருவே ஓடிவந்து பார்க்கிற இந்தக் காலத்தில், பிள்ளைகளுக்கான புத்தகங்கள் மட்டும் இன்னும் பிரம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பேசுகின்றன என்பது அவர் கட்சி. காய்ச்சலில் கிடந்த அக்காள் மகனுக்கு மருந்து புகட்டுவதற்காகச் சொன்ன கதைதான் அவருடைய முதல் புத்தகம்.

பதிப்பக முதலாளி சும்மா இருப்பாரா? ஒவ்வொரு கதையின் வாலிலும் "இதனால் நாம் அறிவது" என்று நாலு வரி ஒட்டுவார். பிள்ளைகள் அதைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிடுவதால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்.

இந்த முறை மனிதர் கதைக்குள்ளேயே கை வைத்துவிட்டார். பொதி சுமக்க மாட்டேன் என்று புல்லில் உருண்டு விளையாடும் கழுதைக்குட்டியின் கதை அது. அச்சகத்தில் கடைசிப் பக்கத்தின் மாதிரிப் படியைப் பார்த்ததும் அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குட்டி அடி வாங்கி, அழுது, மூட்டை சுமந்து போகிறது!

"யாரைக் கேட்டு இத அடிச்சீங்க?"

"பள்ளிக்கூடத்துல புத்தகத்த வாங்கணுமில்ல? சொன்ன பேச்சு கேக்காததச் சும்மா விட்டா நாளைக்கு எந்தப் பிள்ளை அடங்கும்?" என்றார் முதலாளி.

"அது குட்டிங்க! நிக்கக் கத்துக்கிட்டே நாலு நாளாகல. மூட்டைய ஏத்துனவன ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கதைதானேம்மா. இதுக்குப் போய்க் குதிக்கிறீங்களே. மெஷின்ல ஏத்தப் போறாங்க, நகருங்க."

கதைதானாம்! படிக்கிற பொடிசு தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ளுமே, அதுவும் கதைதானா?

ஈய எழுத்துகளைக் கோத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய அந்தப் பக்கம் ஒரு பலகையில் மேசைமேல் இருந்தது. அக்கா கட்டை அவிழ்த்தார். பலகையை இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தார். அடி, அழுகை, மூட்டை எல்லாம் தரையில் சிதறின.

"ஐயையோ!" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

"இன்னொரு தடவ கோத்தா இன்னொரு தடவ கொட்டுவேன்."

அச்சுக்கோர்ப்பவர் காலடியில் சிதறிய எழுத்துகளைக் குனிந்து பார்த்தார். பாவம், காலையிலிருந்து கோத்தது அவர்தான்.

அக்கா ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "உங்கமேல கோவமில்ல தம்பி. அந்த எழுத்துப் பெட்டிய இப்படித் தள்ளுங்க" என்று, ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அதனதன் அறையில் போடத் தொடங்கினார்.