மாதாவின் அரிசி எங்கள் வீட்டில் இருந்தபோது

"வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், என் மனைவியின் உயிருக்கே ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவன் நான். அதிலிருந்து மாதா எங்களை எப்படி மீட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சூசை. வால்பாறை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. மனைவி ஸ்டெல்லா கொழுந்து பறிக்கிறவள், காரமடைப் பக்கத்துப் பெண். எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். நாலு பேர் பார்த்தால் பேச்சே வராது. கோயிலில்கூட ஜெபமாலையை உதட்டுக்குள்தான் சொல்வேன். "இவருக்கும் சேர்த்துப் பேசத்தான் மாதா என்னையக் குடுத்திருக்கறாங்க" என்று ஸ்டெல்லா சொல்லிச் சிரிப்பாள்.

எங்கள் பங்குக் கோயிலில் மாதாவின் பிறந்த நாள் திருவிழா செப்டம்பர் எட்டாம் தேதி. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு வீட்டிலும் சோறாக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம். அதைப் பிடியரிசி என்போம். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகி, திருவிழா அன்று ஊருக்கே சாப்பாடாகும்.

போன வருடம் கோயில் சாமான் அறை மழையில் ஒழுகியது. சேர்ந்திருந்த மூன்று மூட்டை அரிசியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. எங்கள் அன்பியத்தின், அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவின், பொறுப்பாளர் ஜெயமேரி அக்கா, "சூசை தம்பி ஊட்ல வெச்சுரலாங்க ஃபாதர். ரெண்டே பேரு, எடம் கெடக்குது" என்றார்.

எங்கள் வீடு லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி. அதற்கப்புறம் தேயிலை, அதற்கப்புறம் காடு. அரிசி வாசத்துக்கு யானை சுவரை உடைக்கும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாரத்துக்கு மேல் நாங்கள் அரிசி வாங்கி வைப்பதில்லை. ஃபாதர் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர், அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

"ஏனுங்க, யானைக்குப் பத்திரிகை வெச்சுப்போட்டு வந்தீங்களா?" என்றாள் ஸ்டெல்லா. கொழுந்துக் காட்டில் வழுக்கி விழுந்து அவளுக்கு வலது கால் முழுக்க மாவுக்கட்டு. "நாளைக்கே எடுத்துக்கச் சொல்லுங்க."

சரி என்றேன். தினமும் சொல்லத்தான் போனேன். தினமும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளின் ஏழாம் நாள். சாயங்காலம் லைனே கோயிலுக்குப் போயிருந்தது. ஸ்டெல்லாவுக்குத் துணையாக நான் மட்டும் இருந்தேன். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. கரண்டும் இல்லை, போனில் டவரும் இல்லை.

சமையலறைக்குப் பின்னால் வாழை முறியும் சத்தம் கேட்டது.

"காத்தா இருக்கும் புள்ள" என்றேன்.

"காத்து மூச்சு வாங்காதுங்க" என்றாள்.

அவளை முதுகில் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்தேன். அதற்குள் அது சுற்றி முன்பக்கம் வந்துவிட்டது. பனிக்குள் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி.

ஒரே இடி. மூட்டைகளுக்கு மேலே சுவர் உடைந்து செங்கல் உள்ளே விழுந்தது. ஓட்டை வழியாகத் தும்பிக்கை வந்து கட்டிலைத் தடவியது, ஸ்டெல்லாவின் சேலையைத் தடவியது. மாதா படத்துக்குக் கீழே மூலையில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். கட்டுப் போட்ட காலை அவளால் மடக்க முடியவில்லை. அது நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேல் நான் படுத்துக்கொண்டேன்.

"அரிசிய வெளிய தள்ளுங்க" என்றாள் காதுக்குள்.

"மாதாவுக்கு எடுத்து வெச்சது புள்ள."

"பசிச்சவங்களுக்குத்தானுங்க மாதா கேட்டாங்க. வெளிய நிக்கறதுக்கும் பசிதான். தள்ளுங்க!"

காலால் ஒரு மூட்டையை ஓட்டைக்கு நேராகத் தள்ளினேன். இழுத்துக்கொண்டது. அரிசியை வாரித் தின்னும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் தும்பிக்கை வந்தது. இரண்டாவதையும் தள்ளினேன். இன்னும் ஒன்றுதான். அதுவும் தீர்ந்தால்? "தாயே, யாரையாவது அனுப்பும்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை.

கீழே ரோட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. கூடவே மேளம்.

நவநாளில் தினமும் ஒரு லைனுக்கு மாதா சுரூபத்தைச் சப்பரத்தில் தூக்கிக்கொண்டு போவார்கள். அன்று எங்கள் முறை இல்லை. போக வேண்டிய வழியில் மரம் விழுந்ததால் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்ட ஜெபம் பலித்துவிட்டது. ஆனால் எனக்குப் பயம்தான் கூடியது. சப்பரத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. யானை தின்பதை நிறுத்தியது. காதை விரித்து ரோட்டுப் பக்கம் திரும்பியது. அவர்கள் ரோட்டு வளைவைத் தாண்டினால் யானையின் காலடிதான்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அத்தனை பேசுகிறவளுக்குப் பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. "தாயே, ஆளை அனுப்பிவிட்டீர். குரலையும் நீரே கொடும்" என்று அழுதேன். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தேன்.

"யானை! வராதீங்க! நில்லுங்க!"

மேளம் நின்றது.

"ஆருங்க அது?" ஜெயமேரி அக்காவின் குரல்.

"சூசைங்க!"

"சூசை கத்த மாட்டாரே! ஆருங்க வெளையாடறது?"

"நான்தானுங்க அக்கா! வளைவத் தாண்டாதீங்க! புள்ளைங்களப் பின்னால கூட்டிட்டுப் போங்க!"

எல்லாரும் பின்வாங்கிச் சத்தம் அடங்கியது. யானை அசையாமல் நின்றது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை முறை என்று தெரியாது. பிறகு தேயிலைச் செடிகள் முறியும் சத்தம், மெதுவாக, காட்டுப் பக்கம் இறங்கிப் போனது.

ஆட்கள் வந்து ஸ்டெல்லாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. அரிசி வெச்சா யானை வரும்னு தெரியும். தெரிஞ்சும் சொல்லலீங்க."

ஜெயமேரி அக்கா அழுதுவிட்டார். "எனக்கும் தெரியும் தம்பி. எங்க ஊட்ல வெக்கப் பயந்துதான் உங்க தலையில கட்டுனேன்."

யாரும் யாரையும் திட்டவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மறுபடி அரிசி வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டிலிருந்தும் ஒரு படி வந்தது. திருவிழா அன்று யாரும் பசியோடு போகவில்லை.

இப்போது பிடியரிசியை ஒரே இடத்தில் சேர்ப்பதில்லை. அவரவர் வீட்டிலிருந்து திருவிழாக் காலையில் கொண்டுவருகிறோம். கூட்டத்தில் அதை எழுந்து சொன்னவன் நான். சனிக்கிழமை ஜெபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை நான்தான் முன்னின்று சொல்கிறேன். ஸ்டெல்லா இப்போது நன்றாக நடக்கிறாள். "இவரு வாய மூட இன்னொரு நவநாள் வெக்கோணும்" என்கிறாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் உள்ளுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்கள் உங்களில் இருக்கலாம். மாதாவிடம் கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே தம் மகனிடம் கேட்டுக் குரலை வாங்கித் தந்தார், உங்களுக்கும் தருவார்.

உடைந்த சுவரை அடைத்துவிட்டோம். அந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரிகிறது. அதற்கு நேரே நின்றுதான் தினமும் ஜெபம் செய்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.